கண்மாய்க்குள் ஒரு புள்ளி

ஆவாரங்கரடு தண்ணீரில் மூழ்கி அழிந்துபோன ஊர் என்கிற விஷயம், ராமக்காளைப் பாம்பு கடித்த அன்றைக்குத்தான் அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியவந்தது.

அதுவரை அவர்கள் பேரையூருக்கு மேற்கே தங்கள் பாட்டுக்குச் சோளம் விதைத்துக்கொண்டும், பருத்தி எடுத்துக்கொண்டும், ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டும் இருந்தார்கள். மூழ்கியதற்கான அறிகுறி எதுவும் யாருக்கும் தென்படவில்லை. குடிக்கிற தண்ணீருக்கே லாரியை எதிர்பார்த்துக் குடத்தோடு நிற்கிற ஊர் அது.

பருத்திக் காட்டில் ராமக்காளைப் பாம்பு கடித்ததும், பக்கத்துக் காட்டில் நின்ற சிவபாண்டி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். வண்டி என்னவோ சீக்கிரமாகத்தான் வந்தது. ஆனால் ஊருக்கு வரவில்லை. ஊரை ஒட்டி நிற்கிற கரட்டுக் குன்றுக்கு அந்தப் பக்கம் பல வருஷமாக வறண்டு கிடக்கிற கண்மாய்க்குள் இறங்கி, சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு டிரைவர் கூப்பிட்டார்.

"அண்ணே, ஊருக்குள்ள வந்துட்டேன். எங்க இருக்கீக?"

"நான் ஊர் மந்தையிலதானப்பா நிக்கிறேன். வண்டியக் காணோமே!"

"ஆவாரங்கரடுதானண்ணே?"

"ஆமா."

"அப்ப சரியாத்தான் வந்திருக்கேன். டேப்லெட்டு இந்த எடத்தத்தான் காட்டுது. ஆனா ஒரு வீட்டையும் காணோம். ஒரு வெள்ளாடு மட்டும் நிக்கிது."

"அது கம்மா தம்பி! கரட்டச் சுத்திக்கிட்டு இந்தப் பக்கம் வா. புள்ளைக்கு வாயில நுர தள்ளுது."

டிரைவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. குரல் உடைந்துதான் சொன்னார். "மேப்புல இருக்கிற புள்ளிய விட்டு வண்டி நகண்டா ஆபீஸ்ல செவப்பு லைட்டு எரியும்ணே. போன மாசம் அப்பிடிப் போன ஒருத்தருக்கு வேலையே போயிருச்சு. உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன், கொஞ்சம் வெரசா ஊருக்கு வந்துருங்க."

ஊரில் இருந்த ஆட்கள் ராமக்காளைக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு, கரட்டைச் சுற்றி, ஊருக்கு ஓடினார்கள். ராமக்காள் பிழைத்துக்கொண்டாள். தாமதத்துக்கு விலையாக இடது பாதத்தை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

சிவபாண்டிக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. அவர் மகள் பாண்டிமீனா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்தார். மாதச் சோதனையின்போது டாக்டரம்மா சிவபாண்டியைத் தனியாகக் கூப்பிட்டு, "பிரஷர் ஏறிக்கிட்டே போகுது. வலி கண்டா வண்டியக் கூப்பிட்டு உடனே வந்துரணும். வழியில லேட்டாச்சுன்னா தாயும் கஷ்டம், பிள்ளையும் கஷ்டம்" என்று சொல்லியிருந்தார். ஊரிலேயே ஒரே வண்டி சின்னக்கருப்பனின் லோடு ஆட்டோ. அது பாதி நாள் சந்தைக்குப் போயிருக்கும், மீதி நாள் பட்டறையில் கிடக்கும். பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம் என்றால், ரேஷன் கார்டில் இருக்கும் ஊரும் வாயால் சொல்லும் ஊரும் ஒத்துப்போகாவிட்டால் வண்டி கிளம்பாதாம்.

ஆக, புள்ளியை நகர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை. யார் வைத்த புள்ளி என்று விசாரித்துக்கொண்டு அவர் மதுரைக்குப் போனார். வரைபடம் போடுகிற அலுவலகத்தில், கோடு போடுவது மட்டும்தான் தங்கள் வேலை என்றும், பழைய ஊர்ப் பெயர்கள் எல்லாம் கோரிப்பாளையத்தில் இருக்கும் தொல்நூல் மின்னாக்கக் கழகத்திலிருந்து வருவதாகவும், அங்கே திருத்தினால் இங்கே தானாகத் திருந்திவிடும் என்றும் சொன்னார்கள். சிவபாண்டி மகிழ்ச்சியோடு பஸ் ஏறினார். அரசாங்கக் காரியத்தில் ஒன்று தானாகத் திருந்தும் என்று அவர் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை.

கழகம் ஒரு செல்போன் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. பழைய புத்தகங்களையும், ஏடுகளையும், பாதிரிமார் எழுதி வைத்த பயணக் குறிப்புகளையும் கணினியில் ஏற்றி, அவற்றில் வருகிற ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் இது இன்ன இடம் என்று ஒரு குறிப்பும், வரைபடத்தில் ஒரு புள்ளியும் வைப்பது அதன் தொண்டு. 'ஒவ்வோர் ஊரையும் அதன் இடத்தில் வைப்போம்' என்று வாசலில் பித்தளையில் எழுதியிருந்தார்கள்.

வாசல் கணினியில் பார்வையாளரின் ஊரைப் பதிய வேண்டும். காவலாளி 'ஆவாரங்கரடு' என்று தட்டினார். திரை சிவந்தது.

"அந்த ஊர்ல ஆளே இல்லைங்குது பெரியவரே."

"நான் இருக்கேனே."

காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வேற ஏதாச்சும் ஊர் சொல்லுங்க" என்றார். சிவபாண்டி பேரையூர் என்று பொய் சொல்லி உள்ளே போனார்.

இடக்குறிப்புப் பிரிவில் ஜெனிஷா என்ற பெண் இருந்தாள். மிஷன் பள்ளியில் படித்து, தமிழில் எம்.ஏ. முடித்து, சரிபார்ப்பாளராக வந்தவள். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, திரையில் அந்தக் குறிப்பை எடுத்துக் காட்டினாள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் போன ஒரு பாதிரியார் எழுதியிருந்தார்: 'ஆவாரங்கரட்டை அடைந்தோம். எங்கும் தண்ணீர்.' அதற்குக் கீழே கழகத்தின் குறிப்பு: 'வெள்ளத்தில் மூழ்கி அழிந்த ஊர். இன்றைய கண்மாயின் அடியில் உள்ளது.'

சிவபாண்டிக்குச் சிரிப்பு வந்தது. "அவரு ஐப்பசி கார்த்திகையில வந்திருப்பாரும்மா. அடமழையில எங்க கரட்டுத் தண்ணி பூராம் தெரு வழியாத்தான் ஓடும். மறுநா கம்மாய்க்கு வடிஞ்சிரும். அதுக்குப் பெறகு என்ன எழுதியிருக்காரு?"

"அதுக்குப் பிறகு எனக்குத் தெரியாதுண்ணே. ஊர்ப் பேர் வர்ற வரி, அதுக்கு முன்னால ஒரு வரி, பின்னால ஒரு வரி. அம்புட்டுதான் எங்க ஸ்கிரீன்ல வரும்."

"அடுத்த பக்கம்?"

"அது வேற ஆளுக்குப் போயிரும். கதை தெரிஞ்சு படிச்சா நடுநிலை போயிருமாம். நாங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கவும் கூடாது."

ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, விதிக்கு மாறாக அடுத்த பக்கத்தைத் திறந்தாள். 'மறுநாள் காலையில் ஆவாரங்கரட்டார் கொடுத்த சோளக்கஞ்சியைக் குடித்துப் புறப்பட்டோம்' என்று பாதிரியார் எழுதியிருந்தார்.

"முங்கிப்போன ஊர்ல கஞ்சி யாரும்மா காச்சுனது?"

அந்த வரிக்கு வேறொரு சரிபார்ப்பாளர் எழுதியிருந்த குறிப்பை ஜெனிஷா படித்துக்கொண்டிருந்தாள்: 'சோளக்கஞ்சி — வெள்ளத்தில் மாண்டவர்களுக்குப் படைக்கப்பட்டது. இவ்வூர் மூழ்கியதற்கு இது மேலும் ஓர் ஆதாரம்.'

அவள் அன்றைக்கே திருத்தம் எழுதி மேலே அனுப்பினாள். அது திரும்பி வந்தது. கஞ்சி உயிரோடிருப்பவர்கள் காய்ச்சியது என்றால் ஊர் மூழ்கவில்லை என்றாகும்; ஆனால் ஊர் மூழ்கியிருக்கிறது; எனவே கஞ்சி அப்படிப்பட்டதாக இருக்க முடியாது என்று மறுப்பில் கண்டிருந்தது. அடுத்த பக்கத்தைப் படித்த குற்றத்துக்காக ஜெனிஷாவை மாதப் பெயர்கள் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே யாரும் எந்த ஊரையும் எங்கும் தொலைத்துவிட முடியாது.

சிவபாண்டி அடுத்த முறை நேராக இயக்குநரிடம் போனார். இயக்குநர் முனைவர் கிருபாகரன் நல்ல மனிதர். எழுந்து நின்று வரவேற்றார். டீ வரவழைத்தார். சிவபாண்டி செல்போனில் எடுத்து வந்திருந்த ஊரின் வீடியோவை முழுவதும் பார்த்தார்.

"அருமையா இருக்கு. ஆடு, மாடு, வீடு எல்லாம் தெளிவாத் தெரியுது. ஆனா இது ஒரு ஊர்னுதான் வீடியோவில் தெரியுதே தவிர, எந்த ஊர்னு தெரியலையே?"

"ஊர்ப் பலகை தெரியுதுங்களே ஐயா. ஆவாரங்கரடுன்னு எழுதியிருக்கே."

"பலகை நேற்று வச்சது. மூழ்கின ஊரோட நினைவா வேறொரு ஊர் அந்தப் பெயரைச் சூட்டிக்கிட்டிருக்கலாம். தமிழர்கள் நன்றி மறக்காதவங்க."

"ஒரு நட நேர்ல வந்து பாத்துட்டுப் போங்கய்யா. பஸ் இருக்கு. நான் கூடவே கூட்டிட்டுப் போறேன்."

கிருபாகரன் வருத்தத்தோடு புன்னகை செய்தார். அவர் பேசியதை அப்படியே தருவது நல்லது. நாம் சுருக்கினால் அநியாயமாகிவிடும்.

"ஐயா, இந்தக் கழகத்தில் இருபது வருஷமா இருக்கேன். ஒரு ஊரைக்கூட நேரில் பார்த்ததில்லை. அதுதான் எங்க பலம். கண்ணால் பார்த்தது மனசில் ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா அப்புறம் நூலை நூலாப் படிக்க முடியாது. நீங்க எங்கேயோ வசிக்கிறீங்க என்பதை நான் மறுக்கவே இல்லை. ஆனா உயிரோடு இருக்கிற ஆள் ஆதாரம் ஆக முடியாது. உயிரோடு இருக்கிறவர் நாளைக்கு மாற்றிச் சொல்லலாம். இறந்தவர்தான் சொன்ன சொல் மாறமாட்டார். அந்தப் பாதிரியாருக்கு முந்தைய சான்று ஒன்று கொண்டு வாங்க. அன்றைக்கே திருத்துறேன். அதுவும் இப்போ சுலபம் இல்லை. உங்க ஊர் மூழ்கியதை வைத்து ஒருத்தர் முனைவர் பட்டமே வாங்கிட்டார். நீங்க மூழ்கலைன்னா அவர் பட்டம் என்ன ஆகும்? அவருக்கும் குடும்பம் இருக்கு."

"எம்மகளுக்கு நாள் நெருங்கிருச்சுய்யா. வண்டி கம்மாய்க்குள்ள போயி நிக்கும். எம்புள்ள செத்துப்போகும்யா."

கிருபாகரன் உண்மையிலேயே கலங்கிவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திருத்தக் குழு வருஷத்துக்கு ஒரு தடவைதான் கூடும். இந்த வருஷம் கூடி முடிச்சிருச்சு" என்றார். பிறகு ஏதோ தோன்றியவராக, "ஆனா உங்களுக்கு ஒரு மரியாதை செய்யாமல் விடமாட்டேன்" என்றார்.

அந்த மரியாதைதான் 'நீரில் கரைந்த ஊர்கள்' என்ற கருத்தரங்கு. மேடையில் சிவபாண்டியை நடுநாயகமாக உட்காரவைத்து, 'ஆவாரங்கரட்டின் வழித்தோன்றல்' என்று பின்னால் பேனர் கட்டி, பொன்னாடை போர்த்தினார்கள். மகளின் நிறைமாதத்தை விட்டுவிட்டு அவர் வந்ததற்குக் காரணம், மேடையில் நாலு பெரிய மனிதர்கள் இருப்பார்கள், அவர்களில் ஒருவராவது காது கொடுப்பார் என்ற நம்பிக்கை. பெரிய மனிதர்கள் பேசினார்கள். மூழ்கிய ஊருக்காக ஒருவர் கவிதை வாசித்தார். இன்னொருவர் எல்லோரையும் எழுந்து நின்று மௌனம் காக்கச் சொன்னார். தன் ஊருக்காகத் தானும் எழுந்து நின்று மௌனம் காத்தவர் அநேகமாக உலகத்திலேயே சிவபாண்டி ஒருவராகத்தான் இருப்பார்.

கடைசியில் மைக்கை அவரிடம் கொடுத்து, முன்னோர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த வெள்ளத்தின் நினைவைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னார்கள்.

"ஐயாமாரே, எங்க கம்மாய்ல தண்ணி நின்னே பல வருசமாச்சு. ஊரு முங்கவே இல்ல. கரட்டுக்கு இந்தப் பக்கம் நல்லாத்தான் இருக்கு. புள்ளிய மட்டும் கொஞ்சம் நகட்டி வச்சுருங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்" என்றார் சிவபாண்டி. சொல்லும்போதே அழுதுவிட்டார்.

அரங்கம் உருகிப்போனது. கிருபாகரன் மைக்கை வாங்கி, "கேட்டீர்களா? ஊர் மூழ்கவில்லை என்கிறார்! இத்தனை தலைமுறைக்குப் பிறகும் அந்தத் துக்கத்தை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இதைவிட வலுவான சான்று வேறு என்ன வேண்டும்?" என்று கேட்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கண்மாய்க்குள் ஒரு நினைவுக்கல் நடுவது என்று அங்கேயே தீர்மானம் போட்டார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் ஜெனிஷா அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் இலையில் வைத்தது அப்படியே இருந்தது.

"அண்ணே, இவுக மாத்த மாட்டாக. நான் இங்கயே இருக்கேன், எனக்குத் தெரியும். நீங்க வண்டி வர்ற எடத்துக்குப் போயிருங்க."

"எங்க?"

"கம்மாய்க்குத்தான். புள்ளி இருக்கிற எடத்துல ஒரு கொட்டாயப் போட்டு மகளக் கொண்டுபோய் வச்சுக்கங்க. ஊர் எங்க இருந்தா என்னண்ணே, வண்டி வந்தாப் போதும்ல?"

அந்த அலுவலகத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே உருப்படியான யோசனை அதுதான். அது யோசனைதான், நியாயம் இல்லை என்று ஜெனிஷாவுக்கும் தெரிந்திருந்தது. அவள் அவரை நிமிர்ந்து பார்க்காமல் பேசினாள்.

கழகத்தார் அடுத்த வாரமே கல்லோடு வந்தார்கள். வரைபடத்தைப் பார்த்து நேராகக் கண்மாய்க்குள் இறங்கி, புள்ளியை அங்குலம் பிசகாமல் கண்டுபிடித்து, அங்கே கருவேல மரத்தை வெட்டிக் கல்லை நட்டார்கள். 'ஆவாரங்கரடு இங்கே இருந்தது' என்று அதில் செதுக்கியிருந்தது. கரட்டுக்கு அந்தப் பக்கம் ஊர்க்கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. கிருபாகரன் பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்று அதை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார். மூழ்கிய ஊர்க்காரர்கள் உடனே நிறுத்திவிட்டார்கள்.

சிவபாண்டி அந்தக் கல்லை ஒட்டியே தென்னங்கிடுகு வேய்ந்து ஒரு கொட்டகை போட்டார். மகளையும் ஒரு கட்டிலையும் தண்ணீர்க் குடத்தையும் கொண்டுவந்தார். பாண்டிமீனா சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"வீடு வாசல் இருக்கையில கம்மாய்க்குள்ள கொண்டாந்து போட்டுட்டீகளேப்பா!"

"கொஞ்ச நாளைக்குத்தான் தாயி. பிள்ளையப் பெத்துக்கிட்டு நம்ம ஊருக்குப் போயிருவோம்."

"இதுதான் நம்ம ஊருன்னு கல்லுல எழுதியிருக்கே" என்றாள் அவள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவர் தண்ணீர்க் குடத்தைக் கல்லின் நிழலுக்கு நகர்த்தி வைத்தார்.

ஒரு நாள் உச்சிப்பொழுதில் வலி வந்தது. வண்டி வந்தது. புள்ளியில் வந்து நின்றது. அந்த ஊரின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக வண்டியும் நோயாளியும் ஒரே இடத்தில் இருந்தார்கள். ஆனால் பிள்ளை அவசரப்பட்டுவிட்டது. வண்டி நகர்வதற்குள், கல்லுக்குப் பக்கத்திலேயே, பெண் குழந்தையாகப் பிறந்தது. அழவில்லை. வண்டியில் இருந்த நர்ஸ் வாயில் குழாய் வைத்து உறிஞ்சி, தட்டி, காற்றுக் கொடுத்து ஒருவழியாக அழவைத்தாள். பெரியாஸ்பத்திரியில் நெடுநாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "உயிருக்குப் பயமில்லை. ஆனா நுரையீரல் பலவீனம். மூச்சு இழுத்தா உடனே ஆக்ஸிஜன் வேணும். கொஞ்ச காலத்துக்கு ஆம்புலன்ஸ் வர்ற இடமாப் பார்த்து இருந்துக்கங்க."

ஆம்புலன்ஸ் வருகிற இடம் ஒன்றுதான் இருந்தது. தாயும் பிள்ளையும் கண்மாய்க்கே திரும்பினார்கள்.

சில நாளில் கிருபாகரனே போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"வாழ்த்துகள் ஐயா! பேத்தி பிறந்ததா வரைபட ஆபீஸ் மூலமாத் தகவல் வந்தது. பிறந்த ஊர் ஆவாரங்கரடு. பிறந்த இடம் நாங்க வச்ச புள்ளி. அங்குலம் பிசகலை. நீங்க இவ்வளவு நாள் ஆதாரத்துக்காக அலைஞ்சீங்களே, கடைசியில் உங்க குடும்பமே ஆதாரம் கொடுத்துட்டீங்க!"

"ஐயா, உயிரோட இருக்கிற ஆளு ஆதாரம் ஆகாதுன்னீங்களே?"

"பெரியவங்களைச் சொன்னேன். பச்சைக் குழந்தைக்குப் பொய் சொல்லத் தெரியுமா?" என்றார் கிருபாகரன். "அதனால் உங்க திருத்த மனுவை நிரந்தரமா முடிச்சு வச்சிட்டோம். இனிமே யாரும் அந்தப் புள்ளியில் கைவைக்க முடியாது. நிம்மதியா இருங்க."

சிவபாண்டி போனைக் கையில் வைத்துக்கொண்டு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். நடந்ததெல்லாம் நடந்தபடியேதான் அந்த மனிதர் சொன்னார்.

இதற்குள் விஷயம் ஊருக்குள் பரவியிருந்தது. சிவபாண்டி மகளுக்கு வண்டி வந்தது, பிள்ளை பிழைத்தது. முதலில் ராமக்காள் ஊன்றுகோலோடு வந்து ஒரு கொட்டகை போட்டாள். ஒற்றைக் காலோடு இன்னொரு தடவை கட்டிலில் போக அவளுக்குத் தெம்பில்லை. பிறகு நெஞ்சுவலிக்காரர் சுடலை வந்தார். பிறகு மாசமான பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குத் துணையாக மாமியார்கள் வந்தார்கள். மாமியார்களைத் தேடி ஆடுகள் வந்தன. சின்னக்கருப்பன் ஒரு டீக்கடை போட்டான். நினைவுக்கல்லில் துணி காயப்போட்டார்கள். ஐப்பசி பிறக்கிறபோது நோயாளிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் கிழங்களும் கண்மாய்க்குள் இருந்தார்கள். ஊரில் திடகாத்திரமானவர்கள் மட்டும் மிச்சம் இருந்தார்கள். அவர்களும் சாப்பாட்டுக்குக் கண்மாய்க்கு வந்து போனார்கள்.

ஒருநாள் பிற்பகலில் கரட்டுக்கு மேலே வானம் கறுத்தது. காற்று சட்டென்று குளிர்ந்தது. தூரத்தில் எங்கோ இடித்தது. கொட்டகைக்குள் பேத்தி அம்மாவின் மடியில், நெஞ்சுக்கூடு ஏறி இறங்கத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மழை வருதுப்பா" என்றாள் பாண்டிமீனா.

"பாத்துட்டுத்தான் இருக்கேன் தாயி."

"நல்லாப் பெஞ்சா நம்ம சோளம் பொழைச்சுக்கிரும்ல?"

கரட்டுக்கு அந்தப் பக்கம் அவர் விதைத்த சோளம் தண்ணீருக்கு ஏங்கி வாடிக் கிடந்தது. கரட்டில் விழுகிற ஒவ்வொரு சொட்டும் எங்கே வந்து சேரும் என்று அவருக்குத் தெரியும். அவர் கல்லுக்குப் பக்கத்தில் எழுந்து நின்று, வானத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, மழையே வந்துவிடாதே என்று வேண்டிக்கொண்டார். அவர் வம்சத்தில் எந்தச் சம்சாரியும் அப்படி வேண்டியதில்லை.